கேட்ட மருந்தை எழுதிக் கொடுப்பது மருத்துவம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'நோயாளி கேட்கிற மருந்தை டாக்டர் கொடுத்துவிட்டுப் போகட்டுமே, உடம்பும் அவருடையது, காசும் அவருடையது' என்று இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நோயாளிகளைப் பார்ப்பவர்களும் மருந்துக்கடையில் நிற்பவர்களுமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து இந்தப் பதிலை எழுதுகிறோம். சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, தென்காசி, ஆரியங்காவு, புனலூர் என்று எல்லா ஊரிலும் காய்ச்சல், சளிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் அதிகம் கேட்கும் பேச்சு 'ஒரு ஊசி போட்டு விடுங்க' என்பதுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

உடம்பு நோயாளியுடையது என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. அதனால்தான் 'எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்' என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. 'எனக்கு இந்த மருந்து வேண்டும்' என்பது அப்படியல்ல. அது ஒரு கோரிக்கை. சீட்டில் டாக்டர் கையெழுத்துப் போடுகிறார் என்றால், 'பரிசோதித்தேன், இந்த நோய்க்கு இந்த மருந்து தேவை' என்று பொறுப்பேற்கிறார் என்று பொருள். பார்க்காமல், தேவை என்று நம்பாமல் போடும் கையெழுத்து பொய். நோயாளியே விரும்பிக் கேட்டிருந்தாலும் அது பொய்தான்.

அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடும் 'மிக்சட்' ஊசி என்பது பொதுவாக டெக்ஸாமெத்தசோன், அவில் என்ற ஒவ்வாமை மருந்து, டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஆகியவற்றில் இரண்டு மூன்றின் சேர்க்கை. டெக்ஸா ஒரு ஸ்டீராய்டு. ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கும், 2 மில்லி போட்டால் 8 மில்லிகிராம். இது ஏறத்தாழ 50 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம். ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறி வருபவருக்குக் கொடுக்கும் அளவு அது. அதைச் சாதாரணச் சளிக்குப் போட்டால் காய்ச்சல் இறங்கும், வலி பறந்துவிடும், பசி எடுக்கும். 'அந்த டாக்டர் கைராசிக்காரர், ஒரே ஊசியில் எழுந்து உட்கார்ந்துட்டேன்' என்று ஊரெல்லாம் பேச்சாகும். நோய்க்கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். டெக்ஸாவின் வேலை ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரைதான். அது தீர்ந்ததும் காய்ச்சல் திரும்பும், நோயாளியும் இன்னொரு ஊசிக்குத் திரும்புவார். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அந்த இரண்டு நாளில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கும்.

வெறும் சளியாக இருந்தால் இதோடு போய்விடும். டெங்குவாக இருந்தால்தான் ஆபத்து. டெங்குவில் உயிருக்கு அபாயமான கட்டம் காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அதனால்தான் 'காய்ச்சல் விட்டதும் கவனமாக இருங்கள்' என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரண்டாம் நாளே டெக்ஸா போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டால் அந்தக் கடிகாரமே குழம்பிவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து வயலுக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ வேலைக்குப் போவார்கள். கூடவே டைக்ளோஃபெனாக் போயிருந்தால் ரத்தக் கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழி திறந்தாயிற்று. தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்த உடம்பில் சதையில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்தோ வலி மருந்தோ கொடுக்கக் கூடாது என்பது மருத்துவக் கல்லூரியிலேயே சொல்லித் தருவது. கேட்டதற்காக அதை மீறுபவர் நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கவில்லை, அவரைக் கைவிடுகிறார்.

டெங்கு என்று தெரிந்த பிறகு வரும் கோரிக்கை வேறு: 'தட்டணு ஏத்துங்க'. ரத்தக் கசிவு இல்லாதவருக்குத் தட்டணு எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால் ஏற்றலாம் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதல். 60,000 என்று ரிப்போர்ட் வந்ததும் உறவினர்கள் நெருக்கினார்கள் என்று ஏற்றினால் ஒவ்வாமையும், தேவையில்லாத நீர்ச்சுமையும்தான் மிஞ்சும். பார்க்க வேண்டியது சிறுநீர் போகும் அளவு, வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பி.சி.வி. எனப்படும் அடர்த்தி ஆகியவற்றை.

அடுத்தது 'குளுக்கோஸ் ஏத்துங்க'. 500 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் குளுக்கோஸ் என்றால் மொத்தம் 25 கிராம். ஐந்து டீஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான் சத்து. இரண்டு இட்லி சாப்பிட முடிகிறவருக்கு அது எதற்கு? வயதானவர்களுக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டிலை அடுத்தடுத்து ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரலாம். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கில் குடிக்க முடிகிறவருக்கு உண்மையான மருந்து ஓ.ஆர்.எஸ். பொடி. அதில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கெடுவது கலக்கும்போதுதான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பாதி மட்டும் பிரித்து ஒரு டம்ளரில் கலக்குகிறார்கள். உப்பு மிகுந்து குழந்தைக்குத் தாகமும் வயிற்றுப்போக்கும் கூடும். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையாகக் கலந்து, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு இதோடு துத்தநாக மாத்திரை, நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடிய வேண்டும். மலத்தில் ரத்தம் இல்லை, காலரா சந்தேகம் இல்லை என்றால் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை.

ஆன்டிபயாட்டிக் கேட்டு வருபவர்கள் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். 'அண்ணாச்சி, அசித்ரோமைசின் 500 மூணு மாத்திரை குடுங்க' என்று கடையிலும், 'போன தடவை எழுதின செஃபிக்சைமே எழுதிருங்க சார்' என்று கிளினிக்கிலும். சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதன்மேல் இந்த மாத்திரைகள் வேலை செய்யாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வருவது பாக்டீரியாவுக்கு அடையாளமும் அல்ல. தொண்டை வலியில் டாக்டர் பார்க்க வேண்டியவை நான்கு: காய்ச்சல் இருக்கிறதா, டான்சிலில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டித் தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ ஆன்டிபயாட்டிக்குக்கு இடமில்லை. இதைப் பார்க்க ஒரு டார்ச்சும் இரண்டு நிமிடமும் போதும்.

நம் மலையடிவாரத்தில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு தனி ஆபத்து உண்டு. இங்கே உண்ணிக் காய்ச்சல் (ஸ்கரப் டைபஸ்) இருக்கிறது. அந்தக் கிருமிக்கு அமாக்சிசிலின், செஃபிக்சைம் இரண்டுமே கேட்காது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். 'ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்' என்ற நம்பிக்கையில் ஐந்து நாள் செஃபிக்சைம் சாப்பிட்டுவிட்டு ஏழாம் நாள் மூச்சுத் திணறலோடு வருபவர் இழந்தது அந்த ஐந்து நாளை. கையில் ஏற்கெனவே ஒரு மாத்திரை இருந்ததால் யாரும் அவருடைய அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி கடித்த இடத்தில் தெரியும், பீடிச் சூடு பட்டது போன்ற கருப்புப் பொருக்கைத் தேடிப் பார்க்கவில்லை. எலிக்காய்ச்சலும் அப்படியே. கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, சிவந்த கண், குறையும் சிறுநீர், சேற்றிலோ வெள்ளத்திலோ வேலை செய்த விவரம், இவற்றைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். வெள்ள நீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்குக் கேரளச் சுகாதாரத் துறை வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுக்கிறது. அது காய்ச்சலே வராதவருக்கு, கேட்காமலே கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக். அது சரியானதும்கூட. எங்கள் எதிர்ப்பு மருந்தின் மேல் அல்ல, காரணம் பார்க்காமல் கொடுப்பதன் மேல்.

'லேசா டைபாய்டு' என்ற பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே ஒரு வைடால் என்ற ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை கூடியிருப்பதால் மட்டும் டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. நம் பகுதியில் ஆரோக்கியமாக இருப்பவரின் ரத்தத்திலும் அது கொஞ்சம் காட்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால்தான் உறுதி செய்ய முடியும். இரண்டு வேளை மாத்திரை விழுங்கிவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

குழந்தைகளுக்கு இருமல் மருந்து கேட்பவர்களிடம் 2025 செப்டம்பர், அக்டோபரில் நடந்ததைச் சொல்லுங்கள். மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்தக் கலப்படம் தயாரிப்பாளரின் குற்றம், கண்காணிப்பின் தோல்வி. அதே நேரத்தில் சாதாரண இருமலுக்கு அந்த மருந்து தேவைப்பட்டதா என்ற கேள்வி மருத்துவர்களாகிய எங்களைப் பார்த்துக் கேட்கப்படுவது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளே கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது.

டி.டி. ஊசிக்கும் கணக்கு உண்டு. முழு அளவில் தடுப்பூசி போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால்தான் அடுத்தது. மண், சாணம் பட்ட காயம் என்றால் ஐந்து ஆண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை போட்டுக்கொள்பவர்களுக்குக் கை வீங்கிச் சிவந்துபோவது அதனால்தான். கடைசியாகப் போட்ட தேதியை ஆதார் அட்டை உறையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

இனி மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படும் காரணத்துக்கு வருகிறோம். 'நான் போடாவிட்டால் அடுத்த தெருவில் போட்டுக்கொள்வார்' என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் செய்வார் என்பது நாம் செய்வதற்கு அனுமதி ஆகாது. இன்னும் சிலர் 'சும்மா பி-காம்ப்ளெக்ஸ் போட்டு அனுப்புகிறேன், கெடுதல் இல்லையே' என்கிறார்கள். அது ஏமாற்று. தானாக ஆறப்போகிற சளி ஊசியால் ஆறியதாக அவர் மனதில் பதிகிறது, அடுத்த முறை தன் பேரனையும் அழைத்துக்கொண்டு ஊசிக்கு வருகிறார். ஊசி கேட்கும் பழக்கத்தை மக்கள் பிறக்கும்போதே கொண்டு வரவில்லை. நம் தொழில் பழக்கியது. இதற்குக் கூலி முறையும் காரணம். பார்த்துச் சொன்னதற்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டு, ஊசியையும் மூன்று நாள் மாத்திரையையும் பெயர் எழுதாத காகித உறையில் போட்டுக் கொடுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை வாங்கும் கிளினிக்குகள் இருக்கும்வரை, ஊசி போடாத டாக்டர் காசுக்கு ஒன்றும் செய்யாதவராகவே தெரிவார். ஆலோசனைக் கட்டணத்தைத் தனியாக வாங்குங்கள், மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதுங்கள். மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை)ப் படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையில் 2016-ல் திருத்தமே வந்தது.

மறுக்கும்போது வெறுங்கையோடு அனுப்பினால் நோயாளி அடுத்த கதவைத் தட்டத்தான் செய்வார். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'ஏம்மா, நெஞ்சில வச்சுப் பாத்துட்டேன், சளி நுரையீரலுக்கு இறங்கல. இது வைரஸ் சளி. மூக்கொழுகல் ஒரு வாரம் பத்து நாள்ல நிக்கும், இருமல் மட்டும் மூணு வாரம் கூட இழுக்கும், பயப்படாதீங்க' என்று சொல்ல அரை நிமிடம். இருமல் மூன்று வாரம் நீடிக்கலாம் என்று யாரும் சொல்லாததால்தான் ஐந்தாம் நாள் ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். பிறகு, வீட்டில் செய்ய வேண்டியதை அளவோடு சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. பத்துக் கிலோ குழந்தை என்றால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லி, 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி, ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 'ஒரு மூடி கொடுங்க' என்று வாய்க்கணக்காகச் சொன்னால், பாட்டில் மாறும்போது அளவு இரட்டிப்பாகிவிடும்.

கடைசியாக, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணத் தாய்க்குக் கற்றுக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கையில் விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ அப்போதே வர வேண்டும். வெளிநாடுகளில் 'இரண்டு நாளில் சரியாகாவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பின்தேதியிட்ட சீட்டு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. காய்ச்சல் இல்லாத சளி, லேசான காது வலி போன்றவற்றுக்கு அது இங்கும் பயன்படும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் உள்ள நம் பகுதியில் காய்ச்சல்காரருக்கு அந்தச் சீட்டைக் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் அவருக்கு மறுபரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்தான் தேவை.

தூக்க மாத்திரை கேட்கும் முதியவர்களுக்கு மட்டும் 'இன்றோடு நிறுத்து' என்று சொல்லக் கூடாது. அல்ப்ராசோலம் மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், வலிப்பு வரை வரலாம். முதலில் எழுதிக் கொடுத்தது டாக்டர்தான், குறைத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

நோயாளி கேட்பதெல்லாம் தேவையில்லாதது என்று நினைப்பதும் இதே அளவு தவறு. முற்றிய புற்றுநோய்க்காரர் வலி தாங்கவில்லை என்று மார்ஃபின் கேட்டால், அது போதை மருந்து என்று பயந்து மறுக்கும் மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை கேரளம் முழுக்கப் பரவி, 2008-ல் அந்த மாநில அரசு அதற்கென்றே கொள்கை வெளியிட்டது. 2014-ல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டு மார்ஃபின் கிடைக்க வழி எளிதாக்கப்பட்டது. சளிக்கு ஸ்டீராய்டு கிடைக்கிற ஊரில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கிடைக்கவில்லை என்றால் அங்கே மருத்துவம் தலைகீழாக நடக்கிறது.

எல்லை ஊர்கள் என்பதால் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துச் சட்டம் மத்தியச் சட்டம், ஆரியங்காவுக்கு ஒன்று செங்கோட்டைக்கு ஒன்று கிடையாது. அசித்ரோமைசின், அமாக்சிசிலின் ஆகியவை அந்தச் சட்டத்தின் ஷெட்யூல் எச் என்ற பட்டியலில் உள்ளவை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின், அல்ப்ராசோலம், டிராமடால் போன்றவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஷெட்யூல் எச்1. இவற்றுக்குச் சீட்டு மட்டும் போதாது. எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேரளம் 2018-ல் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதைத் தடுக்கச் செயல்திட்டம் கொண்டுவந்து, 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சீட்டில்லா ஆன்டிபயாட்டிக் விற்பனையைப் பிடிக்கச் சோதனைகளையும் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் இறுகி இந்தப் பக்கம் தளர்ந்திருந்தால், பஸ் ஏறி வந்து வாங்குவதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். தென்காசி, கொல்லம் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சாரல் தொடங்கும் முன்பே, மே மாதத்தில், எல்லைக்கு இருபுறமும் உள்ள கடைகளின் எச்1 பதிவேடுகளை ஒரே வாரத்தில் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் ஒரே டாக்டரின் பெயரில் நாள்தோறும் செஃபிக்சைம் வரிசையாக இருந்தால், கடையோடு நிறுத்தாமல் அந்தக் கிளினிக்குக்கும் போய் நோயாளிக் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். தங்கள் நாளிதழ் ஜூன் முதல் வாரத்தில் டெங்கு அபாய அறிகுறிகள், குழந்தையின் மூச்சு எண்ணிக்கை, ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை மூன்றையும் ஒரே கட்டத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டும் அளவில் வெளியிட்டு உதவ வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அது போய்ச் சேரும்படி ஆரியங்காவு, தென்மலைப் பதிப்பிலும் வர வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
செங்கோட்டை